ஆஸ்கர் மீன் குஞ்சு பொரிக்க… பயனுள்ள குறிப்புகள்

அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த ஆஸ்கர், சிக்லிட் குடும்பத்து மீன். நம் ஏரிகளில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டையும் அதே குடும்பம்தான். இரண்டு அங்குலக் குஞ்சாக வாங்கி வந்தால், நல்ல தீனி இருந்தால் ஒரே வருடத்தில் ஒரு சாண் நீளம் வளர்ந்துவிடும். வாய்க்கு அடங்குகிற எதையும் விழுங்கும். ஆனால் தன் முட்டையையும் குஞ்சையும் ஜோடியாக நின்று காவல் காக்கும். அதை வீட்டிலேயே பார்க்க விரும்புகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. முதல் வேலை, குஞ்சுகளுக்கு இடம் பார்ப்பது. நன்கு வளர்ந்த பெண் மீன் ஒரே தடவையில் ஆயிரம், இரண்டாயிரம் முட்டை இடும். அதில் கால்வாசி பிழைத்தாலும் ஒரு தொட்டி போதாது. வாங்கிக்கொள்ளும் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் வண்ணமீன் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. இந்த ஏற்பாடு இல்லாமல் ஜோடி சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

2. ஒரு ஜோடிக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டி வேண்டும். அதில் சுமார் 450 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டும். மாடி வீட்டில் நடுக்கூடத்தில் வைக்காதீர்கள். கீழே தாங்கு சுவரோ பீமோ உள்ள இடமாகப் பார்த்து வையுங்கள். கனமான மூடியும் அவசியம். ஆஸ்கர் துள்ளி வெளியே விழும்.

3. ஆண், பெண் என்று வெளித்தோற்றத்தில் சொல்லவே முடியாது. நிறம், துடுப்பு, தலை எதையும் வைத்து யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். முட்டையிடும் நாள் நெருங்கும்போது அடிவயிற்றில், ஆசனவாய்க்குப் பக்கத்தில் சிறு குழல் ஒன்று வெளியே தெரியும். ஆணுக்கு மெல்லியதாக, கூராக இருக்கும். பெண்ணுக்குத் தடித்து, முனை மழுங்கி இருக்கும். அதனால் ஐந்தாறு குஞ்சுகளைச் சேர்த்தே வளர்த்து, தானாக ஜோடி சேர விடுவதுதான் நல்ல வழி. ஜோடி அமைந்ததும் மற்ற மீன்களை அன்றே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அவற்றை ஓட ஓட விரட்டிக் கடித்தே கொன்றுவிடும்.

4. ஒன்றோடு ஒன்று வாயைக் கவ்வி இழுத்தால் சண்டை என்று பதறவேண்டாம். ஜோடிகள் இப்படித்தான் பலம் பார்க்கும். ஒரு மீன் மூலையில் ஒதுங்கி, துடுப்பு கிழிந்து, தீனிக்கும் வராமல் இருந்தால் மட்டும் ஓட்டை போட்ட அக்ரிலிக் தடுப்பு வைத்துப் பிரியுங்கள்.

5. தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்ப வேண்டாம். ஆஸ்கர் எல்லாவற்றையும் வாயால் அள்ளிக் குவிக்கும். தட்டையான கடப்பைக் கல் ஒன்று போதும். இரண்டு மீனும் அந்தக் கல்லை வாயால் தேய்த்துச் சுத்தம் செய்யத் தொடங்கினால், ஓரிரு நாளில் முட்டையை எதிர்பார்க்கலாம்.

6. வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரென்றால் ஒரு நாள் திறந்து வைத்து, ஏர் பம்ப் ஓடவிட்டு ஊற்றுங்கள். 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் நல்லது. பல நாட்களாக மசிந்து கொடுக்காத ஜோடி, சற்றே குளிர்ந்த புதுத் தண்ணீர் விட்டதும் முட்டையிடுவது உண்டு. அதன் சொந்த ஊரில் மழைக்காலம்தான் இனப்பெருக்கக் காலம்.

7. உயிரோடு கோல்டு ஃபிஷ் வாங்கிப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நோயை அதுதான் கொண்டு வருகிறது. வைட்டமின் பி1 சத்தை அழிக்கும் பொருளும் அந்த மீனில் இருக்கிறது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக் கொழுப்பும் இதற்குச் செரிக்காது. தரமான பெல்லட்தான் அன்றாடத் தீனி. இடையிடையே ஓடு உரித்த இறால், பூச்சிமருந்து படாத மண்ணிலிருந்து எடுத்துக் கழுவிய மண்புழு கொடுக்கலாம்.

8. இளம் ஜோடி முதல் இரண்டு மூன்று தடவை முட்டையைத் தின்றுவிடும். கவலைப்படாதீர்கள், பழகிக்கொள்ளும். தொடர்ந்து தின்றால் கல்லை அப்படியே தண்ணீருக்குள் வைத்தபடி தூக்கி, தாய்த் தொட்டித் தண்ணீர் நிரப்பிய சிறிய தொட்டிக்கு மாற்றுங்கள். முட்டைக்குப் பக்கத்தில் ஏர் ஸ்டோன் வையுங்கள். நீர் இளநீலமாகும் அளவுக்கு மெத்திலீன் ப்ளூ என்ற பூஞ்சைத் தடுப்பு மருந்தை விடுங்கள். கல்லைத் தூக்கும்போது மீன்கள் கையைக் கடிக்க வரும், கவனம். இரண்டு நாள் கழித்தும் சுண்ணாம்பு வெள்ளையாக, பஞ்சு படர்ந்து இருப்பவை கருவுறாத முட்டை. எல்லாமே அப்படி இருந்தால் உங்கள் ஜோடி இரண்டும் பெண்ணாக இருக்கலாம்.

9. மூன்று நாளில் பொரிந்துவிடும். அடியில் கொத்தாகத் துடித்துக்கொண்டு கிடக்கும் குஞ்சுகளுக்கு அப்போது தீனி வேண்டாம். வயிற்றுப் பையில் உள்ள மஞ்சள் கருவே போதும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் நீந்தத் தொடங்கும். அன்றைக்கு ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சு தயாராக இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் அயோடின் சேராத கல் உப்பைக் கரைத்து, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டு, ஏர் பம்ப் விட்டு ஒரு நாள் வையுங்கள். பிறகு காற்றை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் வெறும் ஓடு மேலே மிதக்கும். ஆரஞ்சு நிறத் துளிகளாக ஆர்ட்டீமியா கீழே சேரும். மெல்லிய குழாயால் அதை மட்டும் உறிஞ்சி, வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாகப் பளிச்சென்று தெரியும். அப்படித் தெரியாத குஞ்சு பட்டினி. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை கொடுக்க வேண்டும்.

10. குஞ்சுத் தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டுமே. வேறு ஃபில்டர் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். மின்வெட்டு உள்ள ஊரென்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். கூட்டமாக உள்ள குஞ்சுகளுக்கு ஒரு மணி நேர மின்வெட்டே ஆபத்து.

11. வாரம் ஒரு முறை அளவு பார்த்துப் பிரியுங்கள். பெரியது சின்னதை விழுங்கும்.

12. விற்காமல் மிஞ்சியவற்றை ஏரியிலோ கிணற்றிலோ விடவே கூடாது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மனிதர்களால் நுழைந்த ஆஸ்கர், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் நிலைத்துவிட்டது. இனி அதை அங்கிருந்து எடுக்க வழியில்லை.

13. ஒன்றரை அங்குலம் வளர்ந்ததும் கடைக்குக் கொடுக்கலாம். அனுப்புவதற்கு முந்தைய நாள் தீனியை நிறுத்துங்கள். பையில் கழிவு சேராது, தண்ணீர் கெடாது. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் அடைத்து, வெயிலுக்கு முன் காலையிலேயே கிளம்புங்கள்.