விண்கல்லின் முகவரியைத் தேடுவோம்

இன்டர்நெட் இணைப்பு வாங்கியாகிவிட்டது, இமெயிலும் பார்த்தாகிவிட்டது. இனி என்ன செய்யலாம்? இந்த மாதம் ஒரு கல்லின் சொந்த ஊரைக் கண்டுபிடிப்போம்.

ராஜஸ்தானில் உள்ள பிப்லியா கலான் என்ற ஊரில் 1996 ஜூன் 20 அன்று வானிலிருந்து கற்கள் விழுந்தன. அவற்றைப் பற்றிய பதிவை நாமே தேடிப் பார்க்கலாம்.

பதிவைத் தேடுதல்

1. பிரவுசரைத் திறந்து, கூகுளில் 'மீட்டியோரிட்டிக்கல் புல்லட்டின் டேட்டாபேஸ்' என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

2. அந்தத் தளத்தில் நாடுகளுக்கான பெட்டியில் இந்தியாவைத் தேர்வு செய்து, சர்ச் பட்டனை கிளிக் செய்யுங்கள்.

3. வரும் பட்டியலில் பிப்லியா கலான் பெயரைத் தேடி கிளிக் செய்யுங்கள். விழுந்த ஆண்டு, எடை, வகை எல்லாம் கிடைக்கும். வகை என்ற இடத்தில் யூக்ரைட் என்று இருக்கும்.

யூக்ரைட் என்றால் என்ன?

கல் விண்கற்கள் பெரும்பாலானவற்றில் காண்ட்ரூல் எனப்படும் சிறு உருண்டைகள் இருக்கும். யூக்ரைட்டில் இவை இல்லை. காரணம், இது எரிமலைக் குழம்பாக இருந்து இறுகிய கல். நம் தக்காணப் பீடபூமியின் பசால்ட் பாறைக்கு உறவு என்று சொல்லலாம். ஆனால் வயது சுமார் 450 கோடி ஆண்டுகள்!

பெரும்பாலான யூக்ரைட்டுகளின் சொந்த ஊர், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் வெஸ்டா என்ற சிறுகோளின் மேற்பரப்பு. இதன் குறுக்களவு சுமார் 525 கி.மீ. வெஸ்டாவிலிருந்து வரும் ஒளியும் யூக்ரைட்டில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒத்துப்போவதை 1970-ல் கண்டறிந்தனர். 2011-12-ல் வெஸ்டாவைச் சுற்றி வந்த நாசாவின் டான் விண்கலம் இதற்கு வலு சேர்த்தது.

இவ்வளவு சிறிய கோளை உருக்கிய வெப்பம் எது? இதற்கு முக்கியமான தடயம் தந்தது பிப்லியா கலான் கல்தான். அலுமினியம்-26 என்ற கதிரியக்கத் தனிமம் சிதைந்தால் மெக்னீசியம்-26 ஆகும், வெப்பமும் வெளிவரும். அந்த மெக்னீசியம் இக்கல்லில் கூடுதலாக இருப்பதை அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூட விஞ்ஞானிகள் 1999-ல் வெளியிட்டனர்.

வெஸ்டாவைச் சுற்றிப் பார்ப்போம்

கூகுளில் 'வெஸ்டா ட்ரெக்' எனத் தேடி நாசாவின் தளத்தைத் திறங்கள். கோளின் மேல் மவுஸ் பட்டனை அழுத்தியபடி இழுத்தால் அது சுழலும். தென் துருவத்துக்கு வாருங்கள். சுமார் 500 கி.மீ. அகலமுள்ள ரியாசில்வியா பள்ளம் தெரியும். சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த மோதலில் உண்டானது இது. அப்போது சிதறியவற்றில் சில துண்டுகளே பூமிக்கு வந்து சேர்வதாகக் கருதுகின்றனர்.

ஒரு எச்சரிக்கை: இணையத்தில் விண்கல் விற்பவர்களும் உண்டு. 'காந்தம் ஒட்டினால் விண்கல்' என்பதை நம்பாதீர்கள். யூக்ரைட்டில் உலோக இரும்பு மிகக் குறைவு. காந்தம் சரியாக ஒட்டாது. பூமியின் பல கற்களிலோ நன்றாகவே ஒட்டும். விற்பவர் சொல்லும் பெயரை மேலே சொன்ன டேட்டாபேஸில் தேடுங்கள். பெயரே இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள். பெயர் இருந்தாலும், அவர் கையில் இருப்பது அந்தக் கல்தானா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.