குருதிக் குழாயில் எலும்பு

1991ஆம் ஆண்டில், ஐரோப்பாவிலுள்ள ஆல்ப்ஸ் மலையில், பனிக்கட்டியுள் உறைந்து கிடந்த மனித உடல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அம்மனிதன் ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். ‘ஓட்சி’ என்று அவனுக்குப் பெயரிட்டனர். அவன் அம்பு தைத்து இறந்தபோது, அவனுக்கு வயது ஏறக்குறைய 45. மலைகளில் நடந்து திரிந்த உடல் அது. எனினும், ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்த அறிஞர்கள், அவனுடைய தமனிகளில் சுண்ணாம்புப் படிவுகளைக் கண்டு வியந்தனர்.

இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் குழாய்களே தமனிகள். அவற்றில் சுண்ணாம்பு புகுந்தது எவ்வாறு? உவர்நீரைப் பல நாள் காய்ச்சிய பாத்திரத்தில் வெண்பொருக்குப் படிவதுபோல, இதுவும் தானே படிவது என்று பலர் நெடுங்காலம் எண்ணினர். ஆனால், 19ஆம் நூற்றாண்டிலேயே ருடால்ப் விர்ச்சோ என்னும் ஜெர்மானிய மருத்துவ அறிஞர், சில தமனிகளில் உண்மையான எலும்பே உருவாகியிருப்பதைக் கண்டார். அதன் காரணம் 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் விளங்கலாயிற்று.

நம் உடலிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய சிறு பங்கு குருதியிலும் பிற உறுப்புகளிலும் உள்ளது. குருதியில் கால்சியமும் பாஸ்பேட்டும் எப்போதும் கலந்தே ஓடுகின்றன. அவை கண்ட இடத்தில் கூடி இறுகாதபடி சில புரதங்கள் காவல் புரிகின்றன. அவற்றுள் ஒன்றைத் தமனிச் சுவரின் தசையணுக்களே உண்டாக்குகின்றன. அப்புரதம் செவ்வனே தொழிற்பட வைட்டமின் ‘கே’ வேண்டும். அப்புரதமே இல்லாத எலிகளை அறிஞர் ஆராய்ந்து, 1997இல் தம் முடிவை வெளியிட்டனர். அவ்வெலிகளின் தமனிகள் சுண்ணாம்பேறி இறுகின. இரண்டு திங்களுக்குள் அவை தமனி வெடித்து மாண்டன.

மனிதரிடத்தில் இக்காவல் இரு வகையில் தளர்கிறது. தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்தால், அங்கே அழற்சி தோன்றும். மடிந்த உயிரணுக்களின் துகள்கள் சுண்ணாம்புப் படிகம் வளர வித்தாகும். இது ஒரு வகை. முதுமை, நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றால் நடுச்சுவர் இறுகுதல் மற்றொரு வகை. சிறுநீரகம் பழுதுற்றால் பாஸ்பேட் வெளியேறாமல் குருதியில் மிகும். அதனை உட்கொண்ட தசையணு, சுருங்கி விரியும் தன் தொழிலை விடுத்து, எலும்பை ஆக்கும் அணுவின் தொழிலை மேற்கொள்ளும்.

இதயம் குருதியைச் செலுத்தும்போதெல்லாம் நல்ல தமனி விரிந்து கொடுக்கும். இறுகிய தமனி விரியாது. ஆதலால் குருதி அழுத்தம் உயரும். இதயம் மிகுதியாக உழைத்துத் தளரும். எலும்பிலே உடலைத் தாங்கும் அதே பொருள், தமனியிலே உயிரை வாட்டுகிறது.

உண்ணும் உணவிலுள்ள கால்சியம் நேரே சென்று தமனியில் படிகிறது என்று அஞ்சிப் பாலை வெறுத்தல் தவறு. பழுது உணவிலுள்ள கால்சியத்தில் இல்லை. காவல் தளர்ந்த தமனியில் இருக்கிறது. படிந்த சுண்ணாம்பைக் கரைத்தல் அரிது. ஆதலால் புகை பிடியாமை, குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளவில் வைத்தல், சிறுநீரகத்தைப் பேணுதல் ஆகியவற்றால் வருமுன் காத்தலே அறிவுடைமை.

ஓட்சியின் உடலில் இதய நோய்க்கு ஏதுவான மரபுக் கூறுகள் இருந்தன என்பது 2012இல் வெளியாயிற்று. தன்னுள் வளர்ந்த கேட்டை அவன் அறியான். அறிய வழியும் இல்லை. நமக்கோ அவ்வழி உண்டு. அறிந்தும் காவாதிருத்தல் நம் குற்றமேயாகும்.