‘ஓப்பன்’ என்றால் திறப்பதா?



பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளும் நான்தான். முதலாண்டில் ஒருநாள் மின் ஆய்வுக்கூடத்தில், “சுவிட்ச் ஓப்பனா இருக்காப்பா?” என்று சார் கேட்டார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருமே, அதுபோல ஓப்பன் என்றால் ‘ஆன்’ என்று நினைத்து, “ஓப்பன் சார்” என்றேன். கனெக்‌ஷனை மாற்ற நண்பன் கையை நீட்டினான். வோல்ட்மீட்டர் முள் இறங்காததைப் பார்த்த சார், சட்டென்று அவன் கையைத் தட்டிவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரலை.

மறுநாள் நூலகத்தில் தேடியபோது ஒரு செய்தி கிடைத்தது. ஆங்கிலம் கற்கும் சீனர்களும் இதே சொல்லில்தான் தடுமாறுகிறார்களாம்! சீன மொழியில் ‘கை’ என்றொரு வினைச்சொல். கதவைத் திறப்பது, விளக்கைப் போடுவது, கார் ஓட்டுவது மூன்றுக்கும் அது ஒன்றே. அதனால் அவர்கள் “ஓப்பன் த லைட்” என்று சொல்லிவிடுகிறார்கள். நாம் மட்டும் என்ன? ‘லைட்டைப் போடு’ என்பதை “புட் த லைட்” என்கிறோமே!

சரியான வழக்கு இதுதான்:

1. கதவு, பெட்டி, புத்தகம், வங்கிக் கணக்கு: ‘ஓப்பன்’.

2. விளக்கு, விசிறி, ரேடியோ: ‘சுவிட்ச் ஆன்’ அல்லது ‘டர்ன் ஆன்’. ‘புட் ஆன் த லைட்’ என்றாலும் சரியே. கார் என்றால் ‘டிரைவ்’.

3. கடை திறந்திருக்கிறது: ‘த ஷாப் இஸ் ஓப்பன்’. இங்கே ‘ஓப்பன்ட்’ வராது. ஆனால் மூடியிருந்தால் ‘குளோஸ்டு’.

4. வால்வு ஓப்பன் என்றால் தண்ணீர் பாயும். சர்க்யூட் ஓப்பன் என்றால் கரண்ட் பாயாது! குழாயில் அடைப்பு விலகினால் போதும். மின்சாரத்துக்கோ பாதை முழு வளையமாக இருக்க வேண்டும். வளையம் விட்டுப்போனால் ‘ஓப்பன்’, சேர்ந்தால் ‘குளோஸ்டு’.

ஓப்பன் என்றாலே ஆபத்தில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். கரண்ட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில் கரண்ட் ஓடும்போது செகண்டரியை ஓப்பனாக விட்டால், அதில் ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்டேஜ் எழலாம். அம்மீட்டரைக் கழற்றுமுன் செகண்டரியை ஷார்ட் செய்வது அதனால்தான்.

நண்பர்களே, அகராதியில் முதலில் இருக்கும் பொருளோடு நின்றுவிடாதீர்கள். ஐயம் வந்தால், “ஆனா, ஆஃபா சார்?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டால் நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதானே! நண்பனின் கை அதைவிடப் பெரிது.

– இரண்டாம் ஆண்டு மின்னியல் மாணவன்