புழுத்த குழியில் பிறப்பதல்ல ஜவ்வரிசி

நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தச் செய்தி வந்துவிடும். மகா சிவராத்திரிக்கு முன்னால் மறுபடியும் வரும். இந்த முறை அனுப்பியவள் புனேயில் வேலை பார்க்கும் என் தங்கை மகள். "மாமா, இது நெசமா? பக்கத்து வீட்டுப் பாட்டி விரதத்துக்குச் சாபுதானா கிச்சடி செய்யறதையே நிறுத்திட்டாங்க" என்று குரல் பதிவும் கூடவே. சாபுதானா என்பது நம் ஜவ்வரிசிதான்.

சேலத்திலிருந்து கோயம்புத்தூர் போகும் சாலையில் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றனவாம். மரவள்ளிக் கிழங்கைப் பெரிய குழிகளில் கொட்டி மாதக்கணக்கில் அழுக விடுவார்களாம். இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் அதில் விழுமாம், புழு நெளியுமாம், அதையெல்லாம் சேர்த்துக் காலால் மிதித்துக் கூழாக்கி உருட்டுவார்களாம். ஆகவே ஜவ்வரிசி அசைவமாம். வடக்கே சுற்றிக்கொண்டிருந்தவரை பொறுத்துக்கொண்டேன். இப்போது ராசிபுரத்துக்காரர்களே இதைப் பகிர்கிறார்கள். நாமகிரிப்பேட்டைப் பக்கமோ ஆத்தூர் சாலையிலோ போய், கிழங்கு அரைக்கும் பருவத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலை வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் தெரிந்துபோகும். அதற்கு நேரமில்லை, பொய்யை நாற்பது பேருக்கு அனுப்ப மட்டும் நேரம் இருக்கிறது.

முப்பது வருடம் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். என் துறை வழியாகவே இதற்குப் பதில் சொல்கிறேன்.

கிழங்கை அழுக வைத்தால் மாவு வருமா? வராது, இருக்கும் மாவும் போய்விடும். மாவைச் செய்வது ஆலை அல்ல, செடி. இலையில் வெயில் பட்டுச் சர்க்கரை உண்டாகிறது. அது தண்டு வழியாக இறங்கிக் கிழங்குக்கு வருகிறது. வந்த சர்க்கரையில் உள்ள குளுக்கோஸ் தானாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாது. ராசிபுரத்தில் பட்டுத்தறி பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. நூல் மட்டும் இருந்தால் துணி ஆகாது. தாரில் சுற்றி நாடாவில் வைத்து ஓட்ட வேண்டும். நாடா நூலை விட்டுவிட்டு மறுபடி வரும். உயிருக்குள் அப்படி ஒரு நாடா இருக்கிறது. அதில் ஏற்றிய சர்க்கரைக்குத்தான் நியூக்ளியோடைடு சர்க்கரை என்று பெயர். கிழங்கில் மாவு நெய்யும் நாடா ஏடிபி. அதில் ஏறிய ஏடிபி குளுக்கோஸ், தன் குளுக்கோஸைச் சங்கிலியின் நுனியில் கோத்துவிட்டுக் கழன்றுகொள்கிறது. இப்படி ஒவ்வொன்றாகக் கோத்துக் கோத்துத்தான் ஒன்பது பத்து மாதத்தில் கிழங்கு பருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் அர்ஜென்டினாவின் லூயிஸ் லெலுவார். சர்க்கரையைச் சுமக்கும் நியூக்ளியோடைடுகளைக் கண்டறிந்ததற்காக 1970இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். முதலில் அவர் பிடித்தது யூடிபி குளுக்கோஸை. ஏடிபி குளுக்கோஸ் அதற்குப் பிறகு. புனேயில் பாட்டி கிச்சடி சாப்பிட்டால், அவர் ஈரலும் அந்தக் குளுக்கோஸை யூடிபியில் ஏற்றித்தான் கிளைகோஜனாகச் சேர்த்துவைக்கும். மரவள்ளிக் கிழங்குக்கும் பாட்டிக்கும் முறை ஒன்றே, நாடா மட்டும் வேறு.

ஆக, கிழங்கு ஆலைக்குள் வரும்போதே மாவு முழுசாக உள்ளே இருக்கிறது. ஆலை செய்வது கழுவுவது, தோலுரிப்பது, அரைப்பது, சல்லடையில் அலசிப் பாலை எடுப்பது. தண்ணீரைவிட மாவுத் துகள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். தொட்டியில் சில மணி நேரத்தில் அடியில் தங்கிவிடும். மாதக்கணக்கில் காத்திருக்க அங்கே எதுவும் இல்லை. தங்கிய மாவை எடுத்து, குலுக்கி முத்தாக்கி, சூட்டில் வறுத்து, களத்தில் காயப்போடுகிறார்கள். சல்லடையில் நிற்கும் நார்தான் திப்பி. அதன் செல்லுலோஸை நெய்ததும் யூடிபி குளுக்கோஸ்தான்.

அழுக விட்டால் என்ன ஆகும்? கிருமிகள் மாவைத் தின்று அமிலமாக்கும். வெட்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளிலேயே உள்ளே நீலம் பாயத் தொடங்கும். கிழங்கின் விலையே பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. பாயிண்ட் என்றால் மாவின் சதவீதம். 28 பாயிண்டுக்குக் காசு எண்ணிக் கொடுத்த முதலாளி, அதைக் குழியில் போட்டு 10 பாயிண்ட் ஆக்குவாரா? காசு போட்ட எவரும் செய்ய மாட்டார்.

இந்த வதந்திக்கு ஒட்டிக்கொள்ள இடம் கொடுத்தது ஆலைகளின் நாற்றம் என்பதையும் மறைக்க மாட்டேன். கழிவுநீரைத் தேக்கிவைத்தால் புளித்து நாறத்தான் செய்யும். காரில் போகிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கற்பனை செய்துகொள்கிறான். களத்தில் காயும் மாவில் வெறுங்காலோடு நடந்ததை நானே பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறேன். அதைவிடப் பெரிய தப்பு, பளிச்சென்ற வெள்ளைக்காக ரசாயனம் கலப்பதும் மக்காச்சோள மாவைச் சேர்ப்பதும். உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை நடத்தி மூட்டைகளைப் பிடித்த செய்திகள் வந்திருக்கின்றன. கோபப்படுவதானால் அதற்குக் கோபப்படுங்கள். கடையில் நிறம் பார்த்து வாங்குவதை நிறுத்துங்கள். கலப்பில்லாத ஜவ்வரிசி சுண்ணாம்பு வெள்ளையாக இருக்காது.

"நம்மூர் ஜவ்வரிசி போலி, அசல் பனையிலிருந்து வருவது" என்பது இன்னொரு வதந்தி. தென்கிழக்காசியாவில் சேகோ பனையின் தண்டு மாவிலிருந்து செய்வார்கள், உண்மை. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றுபோனது. 1943 வாக்கில் சேலத்தின் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த பொபட்லால் ஷாவும் மரவள்ளி மாவில் செய்து பார்த்தார்கள். அப்படிப் பிறந்த தொழில் இது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இதில் போலி எங்கே?

"உடம்புக்குக் குளிர்ச்சி, சர்க்கரை நோய்க்கு நல்லது." இல்லை. அது ஏறக்குறைய வெறும் மாவு. வயிற்றில் குளுக்கோஸாகத்தான் உடையும். கைக்குழந்தைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும் ஊற்றி வளர்க்காதீர்கள், புரதம் பெயருக்குத்தான் இருக்கிறது.

ஆனால் "இனிக்கிற கிழங்கில் விஷம் கிடையாது" என்ற நம்பிக்கையை அப்படி விட்டுவிட முடியாது. மரவள்ளி தன்னைக் காத்துக்கொள்ளச் சயனைடு தரும் பொருள் ஒன்றைச் செய்கிறது. தானே அதில் சாகாமலிருக்க, யூடிபி சுமந்துவரும் குளுக்கோஸை அதன் தலையில் பூட்டாக மாட்டிவிடுகிறது. பூட்டிய பொருளுக்கு லினமரின் என்று பெயர். பூட்டைத் திறக்கும் நொதி தனி அறையில் இருக்கும். ஆடு இலையை மென்றதும் இரண்டும் கலந்து சயனைடு வெளியே வருகிறது. இலையிலும் தோலிலும் அதிகம், சதையில் குறைவு. ஆலையில் அரைக்கும்போதும் பூட்டு திறக்கிறது. ஆனால் 26 டிகிரியிலேயே ஆவியாகும் பொருள் அந்தச் சயனைடு, காற்றோடும் அலசும் நீரோடும் பெரும்பகுதி போய்விடும். வீட்டில் தோலை முழுக்க நீக்கி, சிறுசிறு துண்டாக்கி, மூடி போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். காட்டில் மரவள்ளி இலை தின்ற ஆடு வாயில் நுரை தள்ளி மூச்சுக்குத் தவித்தால், பாம்பு கடித்தது என்று மந்திரிக்க ஓடாதீர்கள். சோடியம் தயோசல்பேட் ஊசி அதைக் காப்பாற்றலாம், நிமிடக் கணக்கில் போட்டால்.

கடைசியாகப் பாயிண்ட் பற்றி ஒரு வார்த்தை. நாமகிரிப்பேட்டையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் கிழங்கு ஏற்றி வருகிற குடியானவனிடம் "மழை பெய்துவிட்டது, பாயிண்ட் இறங்கிவிட்டது" என்கிறார்கள். மழைக்குப் பின் செடி புதுத் தளிர் விட, சேர்த்த மாவைக் கரைத்து மேலே அனுப்பும் என்பது மெய்யே. அது எவ்வளவு இறங்கியது என்பதை வாங்குகிறவர் எந்திரம் மட்டும் சொன்னால் எப்படி? பத்து மாதம் தண்ணீர் கட்டியவன் கண்ணெதிரே, பொது இடத்தில், அரசு முத்திரையிட்ட எந்திரத்தில் நிறுத்திச் சொல்லட்டும். நான்கைந்து வருடமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். புழுக் கதையை நாற்பது பேருக்கு அனுப்பியவர்கள், இந்தக் கோரிக்கையையும் அதே நாற்பது பேருக்கு அனுப்புங்கள்.