டீசல் இயந்திர உணரிகளின் மின்வழங்கற் கோளாறுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் வீதியில், தெல்தெனியாவுக்கு அப்பால், நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டி ஹுன்னஸ்கிரிய அமைந்துள்ளது. இப்பகுதியில் படிவயல்களில் நெல்லும், மேட்டு நிலங்களில் போஞ்சி, தக்காளி, கறிமிளகாய் முதலிய மரக்கறிகளும் பயிராகின்றன. நிலத்தை உழுவதற்கும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்வதற்கும் டீசல் இயந்திரமே கமக்காரருக்குத் துணையாகும். பறித்த மரக்கறி ஏற்றிய லொறி ஏற்றத்தில் வலுவிழந்து நின்றுவிட்டால், ஒரு போகத்து உழைப்பு ஓர் இரவில் வாடிவிடும்.

புதிய வகை இயந்திரங்கள் இவ்வாறு திடீரென வலுவிழப்பதற்குள்ள காரணங்களுள் ஒன்று, உணரிகளுக்குச் செல்லும் மின்வழங்கலில் ஏற்படும் கோளாறாகும். பெரும்பாலும் சிறு செலவில் தீரக்கூடிய இக்கோளாறு, சரியாக அறியப்படாமையால் பெருஞ்செலவாக மாறுகிறது. அதனைக் கண்டறியும் ஒழுங்கு இங்கு விளக்கப்படுகிறது.

எவ்வகை இயந்திரங்களுக்குப் பொருந்தும்?

இரு சக்கர உழவு இயந்திரங்களிலும் பழைய நான்கு சக்கர உழவு இயந்திரங்களிலும் எரிபொருளை அளந்து செலுத்துவது பொறிமுறைப் பம்பியே. அவற்றுக்கு இவ்விளக்கம் வேண்டியதில்லை.

1995ஆம் ஆண்டில் யப்பானில் லொறிகளுக்கென விற்பனைக்கு வந்த கொமன் ரெயில் முறை, பின்னர் உழவு இயந்திரங்களுக்கும் அறுவடை இயந்திரங்களுக்கும் பரவியது. இம்முறையில் எரிபொருள் ஒரு பொதுக்குழாயில் மிகுந்த அழுத்தத்துடன் நிற்கும். எப்பொழுது, எவ்வளவு எரிபொருளைத் தெளிப்பது என்பதை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானிக்கும். குழாயின் அழுத்தம், உட்செல்லும் காற்றின் அழுத்தம், மிதிகட்டையின் நிலை, குளிர்நீரின் வெப்பநிலை ஆகிய செய்திகளை அப்பெட்டிக்கு அறிவிப்பவை உணரிகளாகும்.

ஐந்து வோல்ற்று மின்வழங்கல்

அழுத்த உணரிகளுக்கும் மிதிகட்டை உணரிக்கும் பொதுவாகக் குறைந்தது மூன்று கம்பிகள் உண்டு. ஒன்று மின்னைக் கொண்டு வருவது. ஒன்று திரும்பிச் செல்லும் வழி. மற்றையது செய்தியைக் கொண்டு செல்வது. பற்றரியின் மின்னழுத்தம் ஏறி இறங்கும் தன்மையது. ஆகையால் கட்டுப்பாட்டுப் பெட்டி அதனைச் சீராக்கி, மாறாத 5 வோல்ற்று அளவில் உணரிகளுக்கு வழங்குகிறது. அழுத்த உணரி ஏறத்தாழ 0.5 முதல் 4.5 வோல்ற்று வரையான செய்தியைத் திருப்பி அனுப்பும்.

இதனைப் படிவயலின் வாய்க்காலோடு ஒப்பிடலாம். ஒரே வாய்க்காலிலிருந்து பல வயல்கள் நீர் பெறுகின்றன. கீழ் வயலொன்றின் வரம்பு உடைந்து நீர் ஓடிவிட்டால், வாய்க்காலின் மட்டம் தாழ்ந்து எல்லா வயல்களும் காயும். காய்ந்த வயல்களில் குற்றமில்லை; குற்றம் உடைந்த வரம்பில் உள்ளது. அவ்வாறே, ஒரே வழங்கலில் இணைந்த ஓர் உணரியோ அதன் கம்பியோ உலோகத்தில் தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்பட்டால், அவ்வழங்கலைப் பெறும் எல்லா உணரிகளும் ஒரே நேரத்தில் பிழையான செய்தி கூறும்.

பல இயந்திரங்களில் இத்தகைய வழங்கல்கள் இரண்டு அல்லது மூன்று உள்ளன. எவ்வுணரி எவ்வழங்கலைச் சேர்ந்தது என்பதை இயந்திரத்தின் மின்சுற்று வரைபடத்திற் காணலாம்.

கோளாற்றின் அறிகுறிகள்

1. எச்சரிக்கை விளக்கு எரிந்து, இயந்திரம் வலுவிழத்தல்.
2. மிதிகட்டையை அழுத்தினும் வேகம் கூடாதிருத்தல்.
3. இயந்திரம் சுழன்றும் தொடங்காதிருத்தல்.
4. மேடு பள்ளமான பாதையில் மட்டும் கோளாறு தோன்றி மறைதல்.
5. சோதனைக் கருவியில் பல உணரிகளின் பிழைக்குறிகள் ஒருங்கே தோன்றுதல்.

ஐந்தாவது அறிகுறியே மிக முக்கியமானது. பல உணரிகள் ஒரே நாளில் பழுதாவது அரிது. அவற்றோடு பி 0642 அல்லது பி 0652 என்னும் குறி காணப்படின், முதலாம் அல்லது இரண்டாம் வழங்கல் தாழ்ந்துள்ளது எனக் கொள்க. பி 0643, பி 0653 ஆகியவை வழங்கல் அளவுக்கு மேல் உயர்ந்ததைக் குறிக்கும். உழவு இயந்திரங்கள் பலவற்றில் எஸ்.பி.என். 3509, 3510 என்னும் எண்கள் தோன்றும்; அவற்றுடன் வரும் எப்.எம்.ஐ. எண் 3 ஆயின் உயர்வு, 4 ஆயின் தாழ்வு.

பரிசோதிக்கும் ஒழுங்கு

மின்னணுப் பன்மானி ஒன்றும், மின்சுற்று வரைபடமும், கைவிளக்கும் போதும். பன்மானியை நேர்மின்னோட்ட 20 வோல்ற்று அளவில் வைத்தல் வேண்டும்.

முதலாவது: பற்றரியைப் பார்க்க. ஓய்வில் உள்ள 12 வோல்ற்று பற்றரி நிறைந்திருந்தால் ஏறத்தாழ 12.6 வோல்ற்று காட்டும். அதன் முனைகளும், இயந்திரத்துக்குச் செல்லும் புவித்தொடுப்புக் கம்பியும் துருவின்றி இறுக்கமாக இருத்தல் வேண்டும். உருகிகளையும் பார்க்க.

இரண்டாவது: பிழைக்குறிகள் அனைத்தையும் எழுதிக்கொள்க. எழுதுமுன் அவற்றை அழித்தல் ஆகாது.

மூன்றாவது: திறப்பை மூடி, அணுகுவதற்கு எளிதான ஓர் உணரியின் இணைப்பியைக் கழற்றுக. இயந்திரத்தைத் தொடக்காமல் திறப்பை மட்டும் திருப்பி, இணைப்பியின் வழங்கல் முனைக்கும் திரும்பு முனைக்கும் இடையே அளக்க. 4.75 முதல் 5.25 வோல்ற்று வரை இருப்பின் வழங்கல் நன்று. அளவு குறைந்திருப்பின், பன்மானியின் கறுப்பு முனையைப் பற்றரியின் எதிர்முனைக்கு மாற்றி மீண்டும் அளக்க. இப்பொழுது 5 வோல்ற்று வந்தால், பழுது வழங்கற் கம்பியில் அன்று, திரும்புகம்பியில் உள்ளது.

நான்காவது: வழங்கல் தாழ்ந்தே இருப்பின், பன்மானியை அவ்விடத்திலேயே வைத்து, அதே வழங்கலைச் சேர்ந்த மற்றைய மூன்று கம்பி உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுக. ஒவ்வொரு முறையும் திறப்பை மூடிக் கழற்றி, மீண்டும் திருப்பி அளத்தல் வேண்டும். சில பெட்டிகள் குறுஞ்சுற்றை உணர்ந்தவுடன் வழங்கலை நிறுத்தி, திறப்பை மறுபடி திருப்பும் வரை தராதிருக்கும். எவ்வுணரியைக் கழற்றியவுடன் 5 வோல்ற்று மீள்கின்றதோ, பழுது அவ்வுணரியிலேயே உள்ளது. இரு கம்பி வெப்ப உணரிகளுக்கான மின் பெட்டிக்குள் உள்ள தடையினூடாக வருவதால், அவற்றின் குறுஞ்சுற்று பொதுவழங்கலைத் தாழ்த்துவதில்லை. ஆகவே அவற்றை இறுதியிற் பார்த்தால் போதும்.

ஐந்தாவது: எல்லா உணரிகளையும் கழற்றிய பின்னும் அளவு மீளாவிடின், பற்றரியின் இணைப்பை நீக்கி, கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பியையும் கழற்றுக. வழங்கற் கம்பிக்கும் இயந்திர உடலுக்கும் இடையே தொடர்பு உண்டா எனப் பன்மானியாற் பார்க்க. தொடர்பு இருப்பின் கம்பித்தொகுதி எங்கோ தேய்ந்து உலோகத்தைத் தொடுகிறது. தாங்கிகள், புகைபோக்கிக் குழாயின் அருகு, பற்றரித் தட்டின் அடி, மிதிகட்டையின் பின்புறம் ஆகிய இடங்களை நன்கு ஆராய்க.

ஆறாவது: கம்பிகள் யாவும் நன்றாயிருந்து, பெட்டிக்கு வரும் மின்னும் அதன் புவித்தொடுப்பும் சரியாக இருந்தும் 5 வோல்ற்று வராவிடின் மட்டுமே, பெட்டியின் மேல் ஐயங்கொள்ளலாம். அதனைத் தேர்ந்த திருத்துநரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

வழங்கல் 5 வோல்ற்றைக் கடந்து உயர்ந்திருப்பின், அக்கம்பி பற்றரி மின் செல்லும் வேறொரு கம்பியைத் தொடுகிறது. வழங்கல் நன்றாயிருந்தும் ஓர் உணரி மட்டும் பிழை காட்டின், அவ்வுணரியின் தனிக்கிளைக் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது உணரியே கெட்டிருக்கலாம்.

ஓர் உதாரணம்

ஹுன்னஸ்கிரியவிலிருந்து தக்காளி ஏற்றிச் செல்லும் லொறியொன்று வலுவிழந்தது என வைத்துக் கொள்க. சோதனைக் கருவி குழாய் அழுத்த உணரி, காற்றழுத்த உணரி, மிதிகட்டை உணரி ஆகிய மூன்றையும் குறை கூறுகிறது. உரிமையாளர் முதலாவதை மாற்றுகிறார், பயனில்லை. இரண்டாவதையும் மாற்றுகிறார், பயனில்லை. பின்னர் பன்மானியால் அளந்தபோது வழங்கல் 1.2 வோல்ற்று மாத்திரமே. மூன்றையும் கழற்றியும் அளவு ஏறவில்லை. கம்பித்தொகுதியைத் தொடர்ந்து பார்த்ததில், ஒரு தாங்கியின் விளிம்பில் கம்பியின் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. அவ்விடத்தைச் சீர்செய்தவுடன் 5 வோல்ற்று மீண்டது. முதலில் அளந்திருந்தால், வாங்கிய இரண்டு உணரிகளின் விலையும் மீதமாகியிருக்கும்.

திருத்தமும் பாதுகாப்பும்

தேய்ந்த கம்பியை முறுக்கிச் சுற்றிவிடுதல் போதாது. ஈயம் பற்றவைத்து, சூட்டிற் சுருங்கும் உறையிட்டு, மீண்டும் உராயாதபடி கட்டுதல் வேண்டும். பச்சை பூத்த இணைப்பி முனைகளை அதற்குரிய திரவத்தாற் கழுவுக. மட்டத்தாளால் தேய்த்தல் ஆகாது. மலைப்பகுதியின் பனியும் மழையும் இணைப்பிகளில் ஈரத்தைச் சேர்ப்பதால், அவற்றின் இறப்பர் வளையங்களைக் கவனித்தல் நன்று. நெல் சேமிக்கும் இடத்தருகே நிறுத்திய இயந்திரங்களில் எலி கம்பியைக் கடிக்கும். போகம் தொடங்குமுன் அதனைப் பார்க்க.

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025ஆம் ஆண்டில் மீளத் தொடங்கியமையால், இடைக்காலத்தில் பழைய வாகனங்களே தொடர்ந்து உழைத்தன. அவற்றின் கம்பிகளுக்கு இக்கவனிப்பு மிகவும் வேண்டியதாகும்.

செய்யத் தகாதவை

1. இயந்திரம் ஓடும்போது எரிபொருட் குழாய்களைத் தளர்த்துதல். அவற்றின் அழுத்தம் 1,000 பார் அளவைக் கடப்பதால், தெறிக்கும் டீசல் தோலைத் துளைக்கும்.
2. கம்பியின் உறையை ஊசியாற் குத்தி அளத்தல்; தடித்த முனையை இணைப்பியினுள் திணித்தல்.
3. 5 வோல்ற்றுக் கம்பியில் சோதனைக் குமிழைப் பயன்படுத்துதல்.
4. பற்றரி இணைப்பை நீக்காமல் உழவு இயந்திரத்தில் மின்னொட்டு வேலை செய்தல்.
5. இணைப்பிகளின் மேல் நீரை வேகமாகப் பீச்சிக் கழுவுதல்.
6. மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு போன்ற இறக்கங்களில், கோளாறுற்ற லொறியை இயந்திரத்தை நிறுத்தி உருட்டிச் செல்லுதல். இயந்திரம் நின்றால் தடுப்புக்கும் திசைதிருப்பிக்கும் கிடைக்கும் உதவியும் நின்றுவிடும். வாகனத்தை ஓரத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல்லிடுதலே தக்கது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

பல உணரிகள் ஒருங்கே குறை காட்டின், முதலில் அவற்றின் பொதுவழங்கலை ஐயுறுக. அளந்து பாராமல் எப்பொருளையும் வாங்காதிருக்க. பிழைக்குறிகளையும், ஒவ்வொரு முறையும் அளந்த வோல்ற்று அளவையும் ஒரு தாளில் எழுதித் திருத்துநரிடம் கொடுக்க. அத்தாள் திருத்துநரின் நேரத்தையும் கமக்காரரின் பணத்தையும் காக்கும்; அறுவடையும் உரிய வேளையிற் சந்தை சேரும்.