இந்துக் கூட்டுக் குடும்பமும் வருமான வரியும்: முக்கியக் குறிப்புகள்

இலக்கணம்

• வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 2(31): ‘நபர்’ வகைகள் 7. தனிநபருக்கு அடுத்து, 2-ஆம் இடத்தில் இந்துக் கூட்டுக் குடும்பம் (எச்.யூ.எஃப்.).
• வரிச் சட்டத்தில் பெயர் உண்டு, இலக்கணம் இல்லை. இலக்கணம் இந்துச் சட்டத்தது: பொது மூதாதை ஒருவரின் நேர்வழித் தோன்றல்கள், அவர்தம் மனைவியர், மணமாகாத மகள்கள். வழக்குகள் பெருகியதற்கு முதற்காரணம் இந்த இடைவெளியே.
• உறுப்பினராகும் வழிகள்: பிறப்பு, மணம், தத்து. ஒப்பந்தத்தால் கூட்டுக் குடும்பம் உருவாகாது.
• சமண, பௌத்த, சீக்கியக் குடும்பங்களுக்கும் இந்தத் தகுதி உண்டு.
• பான் எண்ணின் 4-ஆம் எழுத்து: குடும்பத்துக்கு ‘எச்’, தனிநபருக்கு ‘பி’.
• இந்தியாவில் முதல் வருமான வரி: 1860, ஜேம்ஸ் வில்சன். 1922 சட்டத்தின் பிரிவு 3-இலேயே கூட்டுக் குடும்பம் தனி வரி அலகு.
• வருமான வரிச் சட்டம் 2025: நடைமுறை 2026 ஏப்ரல் 1 முதல், பிரிவுகள் 536, அத்தியாயங்கள் 23, அட்டவணைகள் 16. தனி அலகு என்ற நிலை அதிலும் தொடர்கிறது. வேறு சட்டத்தின் பெயர் சுட்டப்படாத பிரிவு எண்கள் அனைத்தும் 1961 சட்டத்தவை.

மரபுகள், உறுப்பினர், கர்த்தா

• மிதாக்ஷரம்: விஞ்ஞானேஸ்வரர் இயற்றியது, யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் உரை. பிறந்தவுடன் சொத்துரிமை.
• தாயபாகம்: ஜீமூதவாகனர் இயற்றியது, வங்காளம், அசாம். தந்தை இறந்த பின்னரே மகனுக்கு உரிமை. ஆகவே தந்தை வாழும்வரை மூதாதையர் சொத்தின் வருமானம் தந்தையின் தனி வருமானம்.
• கேரளம்: கூட்டுக் குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் 1975, நடைமுறை 1976 டிசம்பர் 1.
• கோபார்சனர்: பிரிவினை கோரும் உரிமையுள்ள பங்காளி. உச்ச வரம்பு மூதாதை உட்பட 4 தலைமுறை. கோபார்சனர் அனைவரும் உறுப்பினர், உறுப்பினர் அனைவரும் கோபார்சனர் அல்லர் (எ.கா. மனைவி).
• மகளுக்குச் சம உரிமை: தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் (தமிழ்நாடு சட்டம் 1/1990, பிரிவு 29ஏ, அதற்கு முன்பே மணமானவருக்கு இல்லை). நாடு முழுவதும் 2005 செப்டம்பர் 9 முதல்.
• வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா, உச்ச நீதிமன்றம், 2020 ஆகஸ்ட் 11: மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை.
• மணமான மகள்: தந்தை குடும்பத்தில் கோபார்சனர், கணவர் குடும்பத்தில் உறுப்பினர். அடிக்கடி குழப்பும் வினா.
• கர்த்தா: குடும்பத்தை நிர்வகிப்பவர், பொதுவாக மூத்த கோபார்சனர். மூத்த மகளும் கர்த்தா ஆகலாம்: சுஜாதா சர்மா எதிர் மனு குப்தா, டெல்லி உயர் நீதிமன்றம், 2015. கோபார்சனர் அல்லாத விதவை ஆக இயலாது: சேட் கோவிந்தராம் சுகர் மில்ஸ் வழக்கு, 1965.
• கர்த்தாவின் மரணம் பிரிவினை ஆகாது. அடுத்த மூத்தவர் கர்த்தா.
• வரிப் படிவத்தில் கையொப்பம்: கர்த்தா, அவர் வெளிநாட்டிலிருந்தால் அல்லது மனநலம் குன்றியிருந்தால் வயது வந்த வேறு உறுப்பினர் (பிரிவு 140). குடும்பம் செய்யும் வரிக் குற்றத்துக்குப் பொறுப்பு: கர்த்தா (278சி).

வருமானம்: எது குடும்பத்தது, எது தனிநபரது

• பிரிவு 6(2): குடும்பத்தின் கட்டுப்பாடும் மேலாண்மையும் முழுவதும் வெளிநாட்டில் இருந்தால் மட்டுமே வெளிநாடு வாழ் குடும்பம்.
• பிரிவு 10(2): குடும்ப வருமானத்திலிருந்து உறுப்பினர் பெறும் தொகைக்கு வரி இல்லை. இரட்டை வரித் தடுப்பு.
• படிப்பால் ஈட்டிய பொருள் ஈட்டியவருக்கே: இந்து கல்வி ஈட்டுச் சட்டம் 1930. ஸ்திரீதனமும் குடும்பச் சொத்து அன்று.
• கர்த்தாவின் ஊதியம்: சொந்த உழைப்புக்கெனில் அவருடையது, குடும்ப முதலீட்டின் பலனெனில் குடும்பத்தது (ராஜ்குமார் சிங் ஹுகும்சந்த்ஜி வழக்கு, 1970).
• பிரிவு 64(2): தனிச் சொத்தை 1969 டிசம்பர் 31-க்குப் பின் குடும்பச் சொத்தாக்கினால், அதன் வருமானம் கொடுத்தவரின் வருமானத்துடன் சேர்ப்பு.
• பிரிவு 56(2): அயலாரிடமிருந்து ஆண்டுக்கு ₹50,000-க்கு மேல் பணப் பரிசு பெற்றால் முழுத்தொகைக்கும் வரி, உறுப்பினர் தரும் பரிசுக்கு இல்லை. பரிசு தப்பினாலும் அதன் வருமானம் 64(2)-இல் சிக்கும். இரண்டையும் இணைத்தே படிக்க வேண்டிய பிரிவுகள்.

விகிதம், கழிவு

• புதிய முறை (115பிஏசி), நிதியாண்டு 2025-26: ₹4 லட்சம் வரை இல்லை, 4–8: 5%, 8–12: 10%, 12–16: 15%, 16–20: 20%, 20–24: 25%, அதற்கு மேல் 30%. செஸ் 4%.
• பழைய முறையில் அடிப்படை விலக்கு ₹2.5 லட்சம். கர்த்தா மூத்த குடிமகனாயினும் கூடுதல் விலக்கு இல்லை.
• பிரிவு 87ஏ தள்ளுபடி இல்லை: அது உள்நாட்டில் வசிக்கும் தனிநபருக்கு மட்டும். ‘₹12 லட்சம் வரை வரியில்லை’ என்பது குடும்பத்துக்குப் பொருந்தாது.
• பழைய முறையில் 80சி (₹1.5 லட்சம்), 80டி, 80டிடிஏ (₹10,000) உண்டு. 54, 54எஃப், 54இசி மூலதன ஆதாய விலக்குகளும் உண்டு.
• பி.பி.எஃப்.: 2005 மே 13 முதல் குடும்பத்தின் பெயரில் புதுக் கணக்கு இல்லை.
• அனுமான வருமானம்: 44ஏடி உண்டு, 44ஏடிஏ இல்லை.
• படிவம்: ஐடிஆர்-2, 3, 4. ஐடிஆர்-1 இல்லை.

பிரிவினை (பிரிவு 171)

• வரி அலுவலர் விசாரித்துப் பிரிவினையை ஏற்று ஆணை பிறப்பிக்கும்வரை குடும்பம் தொடர்வதாகவே கருதப்படும்.
• பங்கு பேசி முடித்தது போதாது. பிரிக்கக்கூடிய சொத்தில் நேரடிப் பிரிப்பு தேவை: கல்லூமல் தபேஸ்வரி பிரசாத் வழக்கு, 1982.
• பிரிவினையில் சொத்துப் பகிர்வு ‘மாற்றம்’ அன்று. மூலதன ஆதாய வரி இல்லை (பிரிவு 47).
• பகுதிப் பிரிவினை: சொத்தில் ஒரு பகுதி அல்லது உறுப்பினரில் சிலர் மட்டும் பிரிதல். 1978 டிசம்பர் 31-க்குப் பின் நடந்தவை வரிக்குச் செல்லா (171(9)). ஒரே குடும்பத்தை ஆண்டுதோறும் பல வரி அலகுகளாக்கும் உத்திக்கு முடிவு.
• எம்.வி. வள்ளியப்பன் வழக்கு: 171(9) செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம், 1988; செல்லும் என்றது உச்ச நீதிமன்றம், 1999.

ஒருவர் மட்டும் எஞ்சினால்?

• இலங்கைச் சட்டத்துறைத் தலைவர் எதிர் அருணாசலம் செட்டியார், பிரிவி கவுன்சில், 1957. நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்பம், இலங்கையில் வணிகம். மகன் மரணம் 1934, தந்தை மரணம் 1938. இறக்கும்போது தந்தையே ஒரே கோபார்சனர்; குடும்பத்தில் பெண்கள் உண்டு. கேட்கப்பட்டது இலங்கை மரணச் சொத்து வரி. தீர்ப்பு: சொத்து கூட்டுக் குடும்பத்ததே, வரி இல்லை.
• கௌலி புத்தண்ணா வழக்கு, உச்ச நீதிமன்றம், 1966: மேற்கண்ட தீர்ப்பைத் தழுவியது. ஒரே ஆண் கோபார்சனர், உடன் தாய், சகோதரிகள்: அதுவும் வரிக்குரிய குடும்பம்.
• சி. கிருஷ்ண பிரசாத் வழக்கு, 1974: மணமாகாத தனி ஆண், பிரிவினையில் பெற்ற சொத்துடன் இருந்தாலும் தனிநபரே.
• சுர்ஜித் லால் சாப்டா வழக்கு, 1975: மனைவி, மகள் கொண்ட குடும்பப் பொதுச் சொத்தில் சொந்தச் சொத்தைக் கலத்தல். குடும்பம் உண்டு, வருமானம் மட்டும் அவரது தனி வருமானம். 1966 தீர்ப்புடன் முரண் அன்று: அங்கு சொத்து ஏற்கெனவே குடும்பத்தது.
• சந்தர் சேன் வழக்கு, 1986: இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 8-இன் கீழ் தந்தையிடமிருந்து வந்த சொத்து மகனின் தனிச் சொத்து, பேரனுக்குப் பிறப்புரிமை இல்லை.