பண்டிகை விடுமுறையும் தொழிலாளர் பாதுகாப்பும்



நம் மங்கலம் வட்டாரத்தில் தீபாவளி வருவதைத் தெரிந்துகொள்ளக் காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனிகளில் விடிய விடிய லைட் எரிந்தால் தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். தறிச் சத்தம் நின்று, ஊரே காது அடைத்த மாதிரி ஆகிவிட்டால் தீபாவளி வந்தாயிற்று. பண்டிகைப் பாதுகாப்பு என்றால் பட்டாசைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் தொழிலாளிக்கு ஆபத்து அதிகம் இருப்பது லீவுக்கு முந்தின மூன்று ராத்திரிகளிலும், லீவு முடிந்து மெஷினை ஓட்டும் முதல் காலையிலும்தான் என்பது என் கருத்து.

டிப்ளமோ முதல் வருஷம் படிக்கும்போது, தீபாவளிச் செலவுக்காக ஒரு கம்பெனிக்குக் கைமடி வேலைக்குப் போனேன். மற்ற நாளில் காலை எட்டரை மணிக்கு ஏறினால் ஒன்றரை ஷிப்ட். கடைசி மூன்று நாள் முழு நைட். மூன்றாம் ராத்திரி இரண்டு மணி இருக்கும். கட்டிங் மாஸ்டர் அண்ணனின் இரும்புவலைக் கையுறை மேசைமேல் கிடந்தது. போட்டால் கை ஓட்டம் குறைகிறதாம். கத்தி இரண்டு விரலை வாங்கிவிட்டது. ஆஸ்பத்திரி போகும் வழியில் அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "வலியே தெரியல தம்பி, தூக்கந்தான் வருது."

இதில் அவர் குற்றம் எவ்வளவு, தூக்கத்தின் குற்றம் எவ்வளவு? 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவோடு இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதித்த அளவு 0.03 சதவீதந்தான். அதாவது, ரோட்டில் போலீஸ் பிடிக்கக்கூடிய நிலையில் இருப்பவர் கையில் நாம் கட்டிங் மெஷினைக் கொடுத்திருக்கிறோம்!

1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டி, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்றது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்திலும் அந்த இரட்டைச் சம்பளம் இருக்கிறது. ஆனால் பீஸ் ரேட்டில் இருப்பவர் மணிக்கணக்கு பார்ப்பதில்லை. பீஸ் கூடினால் சரி.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். போனஸைக் கடைசி ராத்திரி வரை பிடித்து வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முன்னாலேயே கொடுத்தால் ஆள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று 1965 போனஸ் சட்டம் வைத்தது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தேதியில் கையில் கிடைக்கிறது என்பதும் பாதுகாப்பு விஷயந்தான் என்பதை யாரும் பேசக் காணோம். பணம் வாங்கிய கையோடு, தூங்காத கண்ணோடு, பைக்கில் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் கிளம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் முன்னால் கொடுத்திருந்தால் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருப்பார்கள்.

ஆயுத பூஜையன்று பஞ்சுத் தூசியும் பனியன் வேஸ்ட்டும் கிடக்கும் தரையில் கற்பூரம் ஏற்றுகிறோம். முதலில் கூட்டிவிட்டு, தட்டில் வைத்து ஏற்றி, அணையும் வரை ஒருவர் நின்றால் போதும்.

இனி லீவு முடிந்த காலைக்கு வருவோம். நின்ற ஆலையை மறுபடி ஓட்டுவது புதிதாக ஓட்டுவதைவிடச் சிக்கலானது. விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அதிகாலை, ஊரடங்கில் மூடிக் கிடந்த பாலிமர் ஆலையைத் திறக்கும் சமயத்தில், தொட்டியிலிருந்த ஸ்டைரீன் வாயுவாகக் கசிந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். நம் ஊர்ச் சாயப்பட்டறை பாய்லர் அவ்வளவு பெரிதல்ல. ஆனால் குணம் ஒன்றுதான். ஒரு வாரம் ஆறிக் கிடந்த பாய்லரில் முதலில் கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். ஏர் வென்ட்டைத் திறந்து வைத்து, தீயை மெள்ளக் கூட்ட வேண்டும். ஸ்டீம் லைனில் தேங்கிய தண்ணீரை வடிக்காமல் வால்வைச் சட்டென்று திறந்தால், ஸ்டீம் அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பைப்பில் மோதும். இதுதான் நாம் படிக்கிற வாட்டர் ஹாமர்.

அதைவிடப் பயங்கரம் கழிவுநீர்த் தொட்டி. சாயம் ஏற்றச் சோடியம் சல்பேட் உப்பு போடுகிறோம். அந்த உப்பு சேர்ந்த கழிவு காற்றோட்டமில்லாமல் நின்றால், பாக்டீரியா அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடும். லீவில் சேறு கலங்காமல் கிடப்பதால் வாயு அதிலேயே தங்கியிருக்கும், மிதித்ததும் கிளம்பும். காற்றைவிடக் கனமான வாயு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு வந்தாலோ மூக்கு மரத்துப் போகும். ஆகவே "நாத்தமே இல்லீங்க, இறங்கலாம்" என்று சொல்பவரை நம்பக் கூடாது. 2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் கழிவுத் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அது பண்டிகைக் காலமல்ல, சாதாரண நாள்.

உள்ளே ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் இறங்கவே கூடாது. தகுதியானவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையேல் மூச்சுக் கருவி. இறங்குபவர் இடுப்பில் பெல்ட். கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில். 1948 சட்டத்தின் 36-ஆம் பிரிவிலேயே இதெல்லாம் இருந்தது. உள்ளே ஒருவர் விழுந்தால், மேலே நிற்பவர் கருவி இல்லாமல் குதிக்கக் கூடாது. மனசு கேட்காது, அப்படிக் கேட்காமல் இறங்கியவர்கள்தான் இரண்டாவது, மூன்றாவது பிணமாக வருகிறார்கள். கயிற்றை இழுக்க வேண்டும், கத்திக் கூப்பிட வேண்டும், 101-க்குப் போன் செய்ய வேண்டும்.

நம்மில் பலர் அடுத்த வருஷம் இதே கம்பெனிகளுக்கு அப்ரண்டிஸாகப் போகிறோம். லீவு முடிந்த காலையில் ஓனர் கேட்டில் நின்று, ஆர்டர் காத்திருக்கிறது என்பார். அப்போது பாய்லர் அட்டெண்டண்ட் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று, "ஒரு மணி நேரம் பொறுங்க, லைன்ல தண்ணி வடியட்டும்" என்று சொல்ல நமக்குப் பாடம் தெரியும்.